கட்டத்துக்குள் வராத யானை

ஒரு காட்டில், கணினி வருவதற்கு முன்பு, தாகம் எடுத்த விலங்கு ஏரிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. கணினி வந்த பிறகு அந்த ஒழுங்கீனம் நீங்கியது.

இப்போது ஏரிக்கரையில் ஓர் அத்திமரம். அத்திமரத்தில் ஓர் ஆணி. அந்த ஆணியில் தினமும் காலையில் ஒரு தாள் மாட்டப்படும். அதன் பெயர் தண்ணீர்ப் பங்கீட்டு அறிக்கை. எந்த விலங்குக்கு எத்தனை லிட்டர் என்று அதில் அச்சாகியிருக்கும். அச்சில் உள்ளதைக் குடிக்கலாம். அச்சில் இல்லாததைக் குடிக்கக் கூடாது. காவலுக்கு வீரபத்திரன் என்ற காட்டெருமை நின்றது. வீரபத்திரனுக்கு விலங்குகளை அடையாளம் தெரியாது என்று சொல்ல முடியாது. பணியில் சேர்ந்த பிறகு தெரியாமல் பார்த்துக்கொண்டது.

அறிக்கையை அச்சடிக்கும் அலுவலகம் ஏரிக்கு மேலே ஒரு குகையில் இருந்தது. அங்கே உதவியாளராகச் சேர்ந்தது பூவிழி என்ற அழுங்கு. அழுங்கு என்பது உடம்பெல்லாம் செதில் மூடிய சிறு பிராணி. பயந்தால் சுருண்டு பந்தாகிவிடும். அந்த அலுவலகத்தில் சுருண்டுகொண்டால் அரை நாள் விடுப்பாகக் கணக்கு வைப்பார்கள். பூவிழி சேர்ந்த முதல் மாதமே பாதி விடுப்பைத் தீர்த்துவிட்டது.

அழுங்குகளில் பட்டம் வாங்கியது பூவிழி ஒன்றுதான். மற்றவை மலைக்கு அந்தப் பக்கம், பனி இறங்கும் சரிவில், இலையில் நிற்கும் ஈரத்தை நக்கிக் காலம் தள்ளின. அறிக்கையில் அவற்றுக்கென்று ஒரு வரியும் கிடையாது. பூவிழி வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் முதல்முறையாக ஓர் அழுங்கின் பெயர் அச்சில் ஏறியது. தாளின் கடைசி வரி அது. அதற்குக் கீழே காட்டை ஆளும் மகாராஜாவின் முத்திரை. இரண்டுக்கும் நடுவே ஓர் எறும்பு படுக்கக்கூட இடம் இல்லை.

அந்த வரியைப் பார்க்க பூவிழியின் அம்மா மலையேறி இறங்கி வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் மேல் வரியில் இருந்த முயலின் பெயரை வெகுநேரம் தடவிக்கொண்டு நின்றது. பூவிழி திருத்தவில்லை.

அலுவலகக் கண்காணிப்பாளர் சிங்காரவேலு என்ற மயில். அறிக்கையை வடிவமைத்தது ஒரு நாரை. சீசன் முடிந்ததும் அது வெளிநாடு போய்விட்டது. போகும்போது பாஸ்வேர்டை ஒரு கூழாங்கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனது. வேறு விளக்கம் எதுவும் தரவில்லை.

இப்படியிருக்க, கோடை வந்தது. மகாராஜா மனமிரங்கி எல்லா விலங்குகளுக்கும் பங்கை இரட்டிப்பாக்கினார்.

மறுநாள் காலையில் ஏரிக்கரையில் ஒரே கொண்டாட்டம். முயலுக்கு நான்கு லிட்டர். மானுக்குப் பதினெட்டு. வரிசையில் பூவிழிக்கு முன்னால் பேச்சியம்மாள் என்ற யானை நின்றது. முந்தைய நாள் வரை அதன் பங்கு தொண்ணூறு லிட்டர். வீரபத்திரன் தாளைப் பார்த்தது. பிறகு யானையைப் பார்த்தது. மறுபடி தாளையே பார்த்தது.

"உனக்கு வேலி போட்டிருக்கு," என்றது.

"என்ன வேலிலே?"

"வந்து பாரு. குறுக்க கம்பி, நெடுக்க கம்பி. ரெண்டு வேலி."

பேச்சியம்மாள் குனிந்து பார்த்தது. எல்லார் பெயருக்கும் எதிரே எண் இருந்தது. அதன் பெயருக்கு எதிரே ## என்று இருந்தது.

"நேத்து தொண்ணூறு குடிச்சேம்லா?"

"நேத்து வேலி இல்ல."

"மகாராஜா எல்லாருக்கும் கூட்டிக் குடுத்திருக்காருன்னு சொன்னாங்களே?"

"குடுத்திருப்பாரு. உனக்கு வேலியாக் குடுத்திருக்காரு. அடுத்தாளு வா."

பேச்சியம்மாள் நினைத்திருந்தால் வீரபத்திரனைத் தும்பிக்கையால் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுக் குடித்திருக்கலாம். ஆனால் அது கோயிலில் சேவகம் பார்த்த குடும்பத்து யானை. யாராவது சொன்னால்தான் நகரும், சொன்னால்தான் குனியும். அது ஒதுங்கி நின்றுகொண்டது. பின்னால் நின்ற பூவிழி தன் இரண்டு லிட்டரைத் தலை நிமிராமல் குடித்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடியது. அந்தத் தாளை அச்சடித்தது அதுதான்.

முதலில் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தது. பேச்சியம்மாளுக்கு எதிரே 180 என்று தெளிவாக இருந்தது. கணக்கில் தப்பில்லை. அச்சில்தான் தப்பு. பூவிழி மென்பொருளின் உதவிப் பக்கத்தை வரி விடாமல் படித்தது. நாரை அந்த எண்ணுக்கு ஒதுக்கிய கட்டம் இரண்டு இலக்கம் மட்டுமே கொள்ளும். மூன்றாவது இலக்கம் வந்தால் மென்பொருள் எண்ணைக் காட்டாமல் அந்தக் குறியைக் காட்டும். 180-ஐ வெட்டி 18 என்று பொய் சொல்வதற்குப் பதிலாக, தனக்கு இடம் போதவில்லை என்று ஒப்புக்கொள்ளும். பூவிழிக்கு மென்பொருளின் மேல் பெரிய மரியாதை வந்தது. யானைக்குத் தண்ணீர் வரவில்லை.

ஆக, மகாராஜா கருணை காட்டியதால் காட்டிலேயே அதிகத் தாகம் உள்ள விலங்குக்கு ஒரு சொட்டும் கிடைக்காமல் போயிற்று. பூவிழி கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து வலப்பக்கம் கொஞ்சம் இழுத்தது. திரையில் 180 பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவுதானா என்று அதற்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் அச்சு இயந்திரம் இரண்டு தாள் தள்ளியது. முதலில் அறிக்கை. அதன் மேல் ஒரு வெள்ளைத் தாள். சிங்காரவேலுவுக்கு எதையும் கவனித்துப் பார்க்கும் வழக்கமில்லை. மேலே இருந்த தாளை எடுத்துக்கொண்டு போய் மகாராஜாவிடம் முத்திரை வாங்கி, அத்திமரத்தில் மாட்டிவிட்டு வந்தது.

வீரபத்திரன் வெள்ளைத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தது. பிறகு அறிவித்தது.

"இன்னிக்கு யாருக்கும் இல்ல."

அன்று காட்டில் ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை. சாயங்காலம் குரங்குகள் அலுவலகத்தின் மேல் விளாங்காய் எறிந்தன.

"ஏம்மா பூவிழி," என்றது சிங்காரவேலு. தோகையில் ஒரு விளாங்காய் சிக்கியிருந்தது. "நல்லா ஓடிக்கிட்டிருந்த ரிப்போர்ட். எதுக்கு அதுல கை வச்ச?"

"ஐயா, யானையோட எண்ணு கட்டத்துல அடங்கலைங்க. கொஞ்சம் அகலப்படுத்தினேன். தாள் அகலத்தைவிட ஒரு நூல் கூடிப்போச்சு. ஒரு நூல் கூடினாலும் அந்த நூலுக்காக இன்னொரு தாள் வெள்ளையா வரும்னு எனக்கு..."

அதற்குமேல் சொல்ல முடியவில்லை. பூவிழி சுருண்டுகொண்டது. அரை நாள் விடுப்பு.

மறுநாள் அது கட்டத்தைப் பழைய அளவுக்கே குறைத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு யோசனையாகச் சிங்காரவேலுவிடம் கொண்டுபோனது.

அறிக்கையில் ஒவ்வொரு விலங்கின் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே 'மகாராஜாவின் பெருங்கருணையால் வழங்கப்படும் நீர்' என்று ஒரு வாசகம் இருந்தது. தாளில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது அதுதான். அதை வரிக்கு வரி போடாமல் தலைப்பில் ஒரே ஒரு தடவை போட்டால் நிறைய இடம் கிடைக்கும் என்றது பூவிழி.

சிங்காரவேலு கதவு பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "மகாராஜாவோட கருணையக் குறைக்கச் சொல்றியா?"

"குறைக்கலைங்க ஐயா. ஒரே இடத்துல சேர்த்து..."

"இன்னிக்கு வரியிலேர்ந்து எடுப்ப. நாளைக்கு தலைப்புலேர்ந்தும் எடுப்ப. வேற சொல்லு."

எழுத்தைச் சிறிதாக்கலாம் என்றது பூவிழி. மகாராஜாவுக்குக் கண் மங்கல், எழுத்து அளவு அரண்மனை உத்தரவு என்றது மயில். தாளைப் பக்கவாட்டில் திருப்பி அச்சடித்தால் அகலம் கூடும் என்றது பூவிழி.

"அப்புறம் மகாராஜா அதைப் படுத்துக்கிட்டுப் படிக்கணுமா?"

மகாராஜா எப்போதும் படுத்துக்கொண்டுதான் இருந்தார். பூவிழி அதைச் சொல்லவில்லை.

சிங்காரவேலு கழுத்தை ஒருமுறை நீட்டிக்கொண்டு, தானே ஒரு வழி சொன்னது. "தொண்ணூத்தொன்பதுன்னு போட்டுடு. ரெண்டே இலக்கம். கட்டத்துக்கும் எடுப்பா இருக்கும்."

"மகாராஜா உத்தரவு நூத்தியெண்பதுங்க ஐயா."

"உத்தரவு அது பாட்டுக்கு இருக்கட்டும். அச்சுல அடங்குறது போதும்."

"அப்படின்னா எழுதிக் குடுங்க ஐயா. மாத்திடறேன்."

"எழுதியெல்லாம் குடுக்க மாட்டேன். நீயா பண்ணினதா இருக்கட்டும்."

பூவிழியின் பணி இன்னும் உறுதியாகவில்லை. தரவைத் தானாகத் திருத்திய உதவியாளரை மறுநாளே வெளியே அனுப்பலாம் என்று விதி இருந்தது. அதோடு, நூற்றெண்பதைத் தொண்ணூற்றொன்பது என்று எழுத அதற்குக் கை வரவில்லை. திரையின் முன் வெறுமனே உட்கார்ந்திருந்தது. கீழே, ஏரிக்கரையில் ஒதுங்கி நிற்கும் யானையின் முதுகு அங்கிருந்தே தெரிந்தது. நாளுக்கு நாள் அந்த முதுகில் எலும்பு கூடிக்கொண்டே வந்தது.

ஒருநாள் பேச்சியம்மாளே மேட்டில் ஏறி அலுவலகத்துக்கு வந்துவிட்டது. குகை வாசல் குறுகலானது. தலையும் முன்னங்கால்களும் உள்ளே வந்தன. மிச்சம் வெளியே நின்றுவிட்டது.

"ஏட்டி, படிச்ச பிள்ளை நீதானா?" என்றது யானை. அதன் தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. "எங்க தோண்டுனாலும் சேறுதாம்ட்டி வருது. எனக்கு மட்டும் எதுக்கு வேலி போட்டிய? நான் யாரு கரும்பைப் பிடுங்கித் தின்னேன்?"

"வேலி இல்லக்கா அது. உங்க எண்ணு பெருசுக்கா. கட்டம் சின்னது."

"பெருசா இருக்கறது என் குத்தமா?"

பூவிழிக்குச் சுருண்டுகொள்ள வேண்டும் போல் இருந்தது. விடுப்பு பாக்கி இல்லை. அதனால் நின்றுகொண்டிருந்தது.

சிங்காரவேலு உள் அறையிலிருந்து வந்தது. "வெளியாட்கள் உள்ளே வரக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கேன். தெரியலியா?"

"முக்காவாசி வெளியதாம்யா நிக்கேன்," என்றது யானை.

சிங்காரவேலு வாசல்வரை போய்ச் சரிபார்த்தது. உண்மைதான். இதற்கு விதியில் இடமிருக்கிறதா என்று சற்று யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது. "சரி. உள்ளே இருக்கற பாதி மனுதாரர். வெளியே இருக்கற பாதி பொதுமக்கள். மனுதாரர் மட்டும் பேசலாம். பொதுமக்கள் சத்தம் போடக்கூடாது."

பூவிழி தலை நிமிர்ந்தது.

"ஐயா, அப்போ ரெண்டு பாதியும் வேறவேறயாங்க?"

"நிர்வாக ரீதியா, ஆமா."

"முன் பாதிகிட்ட மனு வாங்கிக்கலாங்களா?"

"தாராளமா."

பூவிழி ஒரு மனு எழுதியது. 'பேச்சியம்மாள் முன் பாதி, தனக்கும் பின் பாதிக்கும் நீரைச் சமமாகப் பிரித்து வழங்கக் கோருவது' என்று அதில் இருந்தது. யானை தும்பிக்கையைச் சேற்றில் தோய்த்து முத்திரை வைத்தது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் சிங்காரவேலு படிக்காமல் கையெழுத்துப் போட்டது.

பிறகு பூவிழி தரவுத்தளத்தில் ஒரு வரியை இரண்டாக்கியது. பேச்சியம்மாள் முன் பாதி, 90. பேச்சியம்மாள் பின் பாதி, 90. என்டர் தட்டுவதற்கு முன்னால் மனதுக்குள் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டது. முன் பாதி உண்டா? உண்டு. பின் பாதி உண்டா? கண்ணால் பார்த்தோம். இரண்டுக்கும் தாகம் உண்டா? உண்டு. மொத்தம் மாறியதா? மாறவில்லை. எங்கேயும் பொய்யில்லை. மென்பொருளும் ஆட்சேபிக்கவில்லை.

மறுநாள் அறிக்கையில் வேலி இல்லை. எல்லா எண்களும் கட்டத்துக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. முத்திரை விழுந்தது. தாள் மரத்துக்குப் போயிற்று.

"முன் பாதி, தொண்ணூறு," என்று படித்தது வீரபத்திரன். "வா."

பேச்சியம்மாள் குடித்தது. தும்பிக்கையால் உறிஞ்சி வாய்க்குள் விட்டுக்கொண்ட சத்தம் மேலே அலுவலகம்வரை கேட்டது.

"பின் பாதி எங்க?"

"எனக்குப் பின்னாலதாம்லே வருது."

"அது தனி வரி. தனியா வரணும்."

பேச்சியம்மாள் வெளியே போய், திரும்பி நின்று, வாலை முன்னால் விட்டுப் பின்பக்கமாக நடந்து வந்தது. வீரபத்திரன் வாலைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வழிவிட்டது.

சாயங்காலம் அரண்மனையிலிருந்து செய்தி வந்தது. அறிக்கையில் வரிகளை எண்ணிப் பார்த்த மகாராஜா, தன் ஆட்சியில் யானைகள் ஒரே நாளில் இரட்டிப்பாகிவிட்டன என்று கண்டு மகிழ்ந்தாராம். காடு முழுக்கத் தண்டோரா போடப்பட்டது. சிங்காரவேலுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பூவிழியின் பணி உறுதிசெய்யப்பட்டது. இவ்வளவு சிறந்த அறிக்கையில் மழைக்காலம் வரை யாரும் கை வைக்கக் கூடாது என்றும் உத்தரவு.

பூவிழி அன்றைய வேலையெல்லாம் முடித்துவிட்டு, மனநிறைவோடு, தன் பங்கைக் குடிக்க ஏரிக்கு இறங்கிப் போனது.

"உன் பேரு இல்ல," என்றது வீரபத்திரன்.

"கடைசி வரிங்கண்ணே. முயலுக்குக் கீழ பாருங்க."

"முயலுக்குக் கீழ மகாராஜா முத்திரை."

பூவிழி எக்கி நின்று பார்த்தது. பிறகு அதற்குப் புரிந்தது. மேலே ஒரு வரி கூடியிருக்கிறது. கூடிய வரி மற்ற வரிகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளியிருக்கிறது. கடைசி வரி தாளிலிருந்து விழுந்திருக்கிறது. அகலத்தையே பார்த்துக்கொண்டிருந்த அழுங்கு நீளத்தைப் பார்க்க மறந்துவிட்டது.

"ரெண்டாம் பக்கத்துல இருக்கும்ணே."

"மரத்துல ஆணி ஒண்ணுதான்."

பூவிழி அலுவலகத்துக்குத் திரும்பி ஓடியது. விளாங்காய் விழுந்த நாள்முதல் சிங்காரவேலு அடியில் இருக்கும் தாளைத்தான் மரத்துக்குக் கொண்டுபோகும். மேலே வந்த இரண்டாம் பக்கம் அலுவலகத்திலேயே இருந்தது. அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் சிங்காரவேலு வைத்திருந்தது.

"ஐயா, வரிகளோட உயரத்தை ஒரு மயிரிழை குறைச்சாப் போதுங்க. என் வரி மேல ஏறிடும்."

"மகாராஜா பாராட்டின ரிப்போர்ட்மா. மழைக்கு அப்புறம் பாப்போம்."

"அதுவரைக்கும் நான் தண்ணிக்கு என்னங்க பண்றது?"

"நீ இப்போ நிரந்தர ஊழியர். உனக்கென்ன தாகம்?" சிங்காரவேலு பொன்னாடையைச் சரிசெய்துகொண்டது. "தான் பண்ணின ரிப்போர்ட்டுல தன் பேரே வரலேன்னா, அது உனக்குப் பெருமை. சுயநலம் இல்லாத பொண்ணுன்னு நானே நாலு பேர்கிட்ட சொல்வேன்."

நான்கு பேரிடம் சொன்னதாகவும் தெரிகிறது. கோடையில் இந்தப் பக்கம் பனி விழாது. இலைகள் காய்ந்து நொறுங்கின. பூவிழியின் செதில்கள் நடக்கும்போது சருகு போலச் சத்தமிட்டன. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று யோசித்தது. நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அந்தச் சருகுச் சத்தத்தைப் பேச்சியம்மாள் கேட்டது.

"என்னட்டி இப்பிடி வத்திக் கெடக்க?"

பூவிழி நடந்ததைச் சொன்னது. யானை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூறுகெட்டவளே, முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றது. பிறகு வாலை நீட்டியது. "பிடிச்சுக்கோ. என் பின்னாலயே வா. வாயத் தொறக்காத."

ஏரிக்கரையில் முன் பாதி குடித்து முடித்தது.

"பின் பாதி வா," என்றது வீரபத்திரன்.

யானை விலகி நின்றது. அதன் வாலைப் பிடித்தபடி பூவிழி நின்றது.

"இது யாரு?"

"பேச்சியம்மாள் பின் பாதி," என்றது யானை.

"ரொம்பச் சின்னதா இருக்கே?"

"கோடைல்லா. பின்பக்கம் வத்திப் போச்சு."

வீரபத்திரன் தாளைப் பார்த்தது. பெயர் இருந்தது. லிட்டர் இருந்தது. மகாராஜாவின் பெருங்கருணை இருந்தது. பின் பாதி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் அச்சாகவில்லை.

"குடி," என்றது.

பூவிழி தன் இரண்டு லிட்டரைக் குடித்தது. கடைசிச் சொட்டு வரை சுருளவில்லை.

"தொண்ணூறு இருக்கே. மிச்சம்?"

"மிச்சத்த முன் பாதி குடிக்கும்லே," என்றது பேச்சியம்மாள். "ஒரே குடும்பந்தானே?"

மழைக்காலம் வந்தது. அறிக்கையை யாரும் மாற்றவில்லை. யானைகளை மீண்டும் பாதியாகக் குறைக்க மகாராஜாவுக்கு மனம் வரவில்லை. பூவிழியின் அம்மா மகளின் வரியைப் பார்க்க மறுபடியும் மலையிறங்கி வந்து, வழக்கம்போல முயலின் பெயர்மேல் கையை வைத்தது.

இந்த முறை பூவிழி அம்மாவின் கையைப் பிடித்து மேலே கொண்டுபோய், 'பேச்சியம்மாள் பின் பாதி' என்ற வரியில் வைத்தது.

"இதும்மா," என்றது. "இப்போ மேல ஏத்திட்டாங்க."

நீதி: கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், காகிதம் வீணாகும். யானையாகப் பிறந்தவர்கள் இரண்டாகப் பிரிந்துகொள்ளுங்கள். அழுங்காகப் பிறந்தவர்கள் நன்றாகப் படித்துப் பட்டம் வாங்கி, எந்த யானைக்குப் பின் பாதி காலியாக இருக்கிறது என்று விசாரியுங்கள்.